எல்லாருக்கும் ஒரு படம்

ராகலை பஜாரில் என்னுடைய போட்டோகொப்பி கடைக்கும் போட்டோக்கார அண்ணனுடைய ஸ்டூடியோவுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. அந்தப் பக்கம் அவர் "நாடியக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லும்போது, இந்தப் பக்கம் யாருக்கோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நானும் பல தடவை நாடியைத் தூக்கியிருக்கிறேன். அவர் மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போய் வெகுநாளாகிறது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய தலைதான். யார் எதைக் கேட்டாலும் அது 'சரி' என்று ஆடிவிடும்.

"செஞ்சிரலாங்க" என்பார். முடியுமா முடியாதா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

பிலிம் காலத்தில் அந்தத் தலையாட்டலால் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அது முடிந்தால்தான் கண்டிக்குக் கழுவ அனுப்புவார். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவர் "நாளைக்கே வேணுங்க" என்றாலும் செஞ்சிரலாம்தான். மறுநாள் அவர் வந்து நிற்பார். "ரோல் முடியலங்க, இன்னும் பதினோரு படம் இருக்கு" என்று இவர் பரிதாபமாகச் சொல்வார். ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஒரு தோட்டத்துக்காரர், அடுத்த நாள் காலையில் தன் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் எண்ணெய் வைத்து வாரி, என் கடை வாசல் வரை வரிசையாக நின்றார்கள். "இந்தாங்க மொதலாளி, பதினோரு பேரு. ரோல முடிங்க." முடித்தார். அந்தப் பதினொன்றில் ஒன்றைக் காட்டித்தான் பிறகு ஒரு பையனுக்கு வலப்பனைப் பக்கம் பெண் கிடைத்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, மருமகன் கட்டாரிலிருந்து லீவில் வரும்போது ஒரு டிஜிட்டல் கெமரா கொண்டுவந்து கொடுத்தார்.

"தங்கச்சி, ஓடியாங்க!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். வாசலில் கால் வைத்தவுடனே பளிச்சென்று ஒன்று எடுத்தார். கெமராவைத் திருப்பி அதன் முதுகில் இருந்த சின்னத் திரையைக் காட்டினார். வாய் திறந்து, கண் பிதுங்கி, கையில் பேனாவோடு நான்.

"அய்யய்யோ அண்ணே, அசிங்கமா இருக்கு."

"அசிங்கமா இருக்கா? அழிச்சிரலாம்." ஒரு பொத்தானை அழுத்தினார். நான் காணாமல் போனேன். "பாத்தீங்களா? கழுவலையும் இல்ல, கண்டியும் இல்ல. இப்ப திரும்ப நில்லுங்க."

அன்று என்னை மட்டும் பதினேழு தடவை எடுத்தார். பிறகு எதிர்ப் பேக்கரியில் அடுக்கியிருந்த பாண் ரொட்டியை எடுத்தார். நுவரெலியா பஸ்ஸை, லீக்ஸ் மூட்டை ஏற்றிய லொறியை, லொறிக்கடியில் படுத்திருந்த நாயை எடுத்தார். அழித்துவிட்டு அதே நாயை மறுபடி எடுத்தார். எடுப்பதைவிட அழிப்பதில்தான் அவருக்கு ருசி என்று எனக்குப் பட்டது. இருபது வருடமாக ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணி எடுத்த விரல் அது. இப்போது அதற்குக் கடிவாளமே இல்லை.

கஷ்டம் வாடிக்கையாளர்களுக்குத்தான். முன்பெல்லாம் அடையாள அட்டைப் படம் என்றால் ஒரு பளிச், எழுந்து போகலாம். இப்போது இருபத்து மூன்று பளிச். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டி "இது நல்லாருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பார். எல்லாம் ஒரே முகம், ஒரே முறைப்பு. வலப்பனையிலிருந்து வந்த ஒரு ஆள் தன்னுடைய இருபத்து மூன்று முகங்களில் எது தான் என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, கடைசியில் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க தங்கச்சி, நான் எப்புடி இருக்கேன்?"

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். கூப்பிட்டவர், கூப்பிடாதவர், சமையற்காரர், மேளக்காரர், பந்தலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர், எல்லாரையும் எடுத்தார். "எல்லாருக்கும் ஒரு படம்" என்பது அவருடைய புதுக்கொள்கை. ஒரு பெண்ணின் தகப்பன் என் கடையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "கல்யாணம் ஒரு நாள்ல முடிஞ்சிருச்சுங்க. படத்தப் பாத்து முடிக்கத்தான் நாலு நாளாச்சு."

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. மருமகன் இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். இனி ஆசைகளுக்கும் எல்லை இல்லை. ராகலையில் கதவைத் திறந்தால் மலை. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு மலை. ஆனால் படத்தில் எல்லாருக்கும் பின்னால் சுவிட்சர்லாந்து மலைதான் வேண்டும். போட்டார். நாலு தலைமுறையாக மலை வெயிலில் கொழுந்து பறித்துக் கறுத்த முகங்களை ஒரே மத்தியானத்தில் வெளுத்தார். தோடு இல்லாதவர்களுக்குத் தோடு, பல் இல்லாதவர்களுக்குப் பல், கோட்டு போடாதவர்களுக்குக் கோட்டு. அந்தக் கோட்டு ஒன்றுதான். கறுப்பு, நீலக் கழுத்துப்பட்டி. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து அத்தனை ஆண்களும் அதே கோட்டில் சுவர்களில் தொங்கினார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்த ஒரு பெண், பாஸ்போர்ட் படத்தோடு கொழும்புவரை போய்த் திரும்பி வந்தாள். கன்னத்திலிருந்த பெரிய மச்சத்தை இவர் அன்போடு எடுத்துவிட்டிருந்தார். "படத்துல இருக்கிறது நீ இல்லைனு சொல்லி அனுப்பிட்டாங்கண்ணே" என்று அழுதாள். இவர் பதறிப்போனார். உடனே உட்கார வைத்து, எடுத்து, மச்சத்தோடு பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா தங்கச்சி, பிலிமா இருந்தா பத்து நாளு!"

கோயில் கமிட்டிப் படம்தான் உச்சம். ஒன்பது பேர் நின்று எடுத்த படம். மறுமாதம் செயலாளருக்கும் தலைவருக்கும் சண்டை. தலைவர் வந்து, "அவன எடுத்துருங்க" என்றார். எடுத்தார். ஆனால் செயலாளர் படத்தில் தலைவரின் தோளில் கைபோட்டிருந்தார். ஆளைத் தூக்கியவர் கையை மறந்துவிட்டார். திருவிழா நோட்டீசில் எட்டுப் பேரும் ஒரு கையும் வந்தார்கள். அந்தக் கை யாருடையது என்பது குறித்துத் தோட்டத்தில் ஒரு கிழமை முழுக்கப் பேச்சு. பிறகு இருவரும் சமாதானமாகி, செயலாளர் தானே வந்து, "என்னையத் திரும்பப் போட்டுருங்க" என்றார். போட்டார். இந்த முறை கோட்டோடு.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மாரியாயி அக்கா வரும் வரைக்கும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைத் தூறலுக்குத் தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கொழுந்து பறித்து ஓய்ந்த கை, கறைபிடித்த விரல்கள். புருஷன் கவ்வாத்து வெட்டியவர், தேயிலைச் செடியை மட்டம் வெட்டும் வேலை. இறந்து பத்து மாதம்.

"மொதலாளி, வருஷ திவசம் வருதுங்க. மாலை போட ஒரு படம் இல்ல. அடையாள அட்டையவும் சாவுப் பதிவுல வாங்கிக்கிட்டாங்க. எங்க கொழுந்தன் மக கல்யாணத்துல நீங்க எங்க ரெண்டு பேரையும் ஒன்னா நிக்க வச்சு எடுத்தீங்களே, அது வேணும்."

"அது ரொம்ப வருசமாச்சேம்மா. அப்ப வந்து வாங்கலையா?"

"அப்ப அவரு இருந்தாரு. படம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

தலை ஆடியது. "தேடிப் பாத்து எடுத்துரலாங்க."

அடுத்த ஞாயிறும் வந்தார். "தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்." அதற்கடுத்த ஞாயிறு ஸ்டூடியோ பூட்டியிருந்தது. மாரியாயி அக்கா வந்தபோது, பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் போட்டோக்கார அண்ணன் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பதை நான் பார்த்தேன். கேட்ட அக்காவிடம், "கண்டிக்குப் போயிருக்காரு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரோடு பலகையைப் பகிர்ந்துகொண்டதில் பொய்யையும் பகிர்ந்துகொண்டேன் போல.

மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அந்தப் படம் எங்க?"

கொஞ்ச நேரம் லென்சைத் துடைத்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய கெமராவை எடுத்து வைத்தார். தலையில் பெரிய பிளாஷ்.

"கல்யாணத்துக்கு ரெண்டு ரோல்தான் பேசியிருப்பாங்க தங்கச்சி. எழுபத்திரண்டு படம். வர்ற சனம் ஐந்நூறு. எல்லாரும் வந்து, 'என்னைய ஒன்னு எடுங்க, எங்களையும் ஒன்னு எடுங்க'னு நிப்பாங்க. எப்புடி முடியாதுனு சொல்றது? அதுக்குத்தான் இது. இதுல பிலிம் இல்ல. பிளாஷ் மட்டும் அடிக்கும்."

"வெறும் கெமராவா?"

"சந்தோசமாப் போயிருவாங்க தங்கச்சி. பொறவு யாராவது கேட்டா, கண்டி லெபுல கழுவுறப்ப கருகிருச்சுனு சொல்வேன்."

கண்டியில் யாரென்றே தெரியாத ஒரு லெப்காரர், இருபது வருடமாக எங்கள் மலைநாட்டுச் சனத்திடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

"டிஜிட்டல் வந்த அன்னைக்கு நான் ஏன் அப்புடிக் குதிச்சேன்னு நினைக்கிறீங்க?" என்றார். "இனி யாரையும் ஏமாத்த வேண்டாம். கேட்டவங்க எல்லாரையும் மெய்யாவே எடுக்கலாம்."

எனக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியோடு, "அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லிரலாம்" என்று தலையாட்டினார். அந்தத் தலையை எனக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறு மாரியாயி அக்கா ஒரு பை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்தார். "நம்ம படத்துக்காக அலையிறீங்க, புள்ளைகளுக்குக் குடுங்க மொதலாளி." வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வராதே. வாங்கிக்கொண்டார். அக்கா போன பிறகு அந்தப் பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் ஒரு படமும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினார். அந்தக் கல்யாணத்தின் எழுபத்திரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். முன்னால் நிற்பவர்களை விட்டுவிட்டு, பின்னால் நின்றவர்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார். அக்கா அடையாளம் சொல்லியிருந்தார்: பெரிய கட்டம் போட்ட நீலச் சட்டை, இடது காதில் கடுக்கன். மூன்று நாள் ஸ்டூடியோவில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு பளிச்தான். அவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை பின்னேரம், "தங்கச்சி, ஓடியாங்க!"

பந்தியில் மாப்பிள்ளையின் மாமா பரிமாறுவது போல எடுத்த படம். அவருக்குப் பின்னால், வரிசையின் கோடியில், விரல் நகமளவில் ஒரு ஆள். பெரிதாக்கினார். நீலக் கட்டம் வந்தது. இன்னும் பெரிதாக்கினார். கடுக்கன் வந்தது. இரண்டு கன்னமும் உப்ப, வாய் நிறையச் சோறு. கண் பாதி மூடியிருந்தது. அடுத்த உருண்டை கையில் தயாராக இருந்தது.

"கிடைச்சிட்டாரு அண்ணே! இப்புடியே போட்டுக் குடுங்க."

"வாய் நெறையச் சோத்தோட எப்புடித் தங்கச்சி மாலை போடுறது?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படியே விட்டுவிட்டு நான் கடைக்குப் போனது என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை மாரியாயி அக்கா வந்தபோது நானும் போய் நின்றேன். இவர் உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு மொதலாளி இது?"

"உங்க வீட்டுக்காரரும்மா."

"எங்க வீட்டுக்காரரா? பேங்குல வேல செய்ற ஐயா மாதிரி இருக்காரு."

கறுப்புக் கோட்டு, நீலக் கழுத்துப்பட்டி. வாய் மூடி, கண் திறந்து, கடுக்கன் போய், ரோஜாப்பூ நிறத்தில் ஒருத்தர்.

"அத விடுங்க" என்று அக்கா படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "ரெண்டு பேரையும் சேத்துத்தானே எடுத்தீங்க? நான் எங்க?"

இவர் என்னைப் பார்த்தார். லெப் கதை வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் குனிந்து மேசைக்கடியிலிருந்து அந்தப் பழைய கெமராவை எடுத்தார். பின்மூடியைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

"இதாலதாம்மா உங்கள எடுத்தேன். இதுல பிலிம் இல்ல."

அக்காவுக்கு விளங்கவில்லை. கறைபிடித்த ஒரு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஒன்னுமே இல்லையா?"

"இல்லங்க. அன்னைக்கும் இல்லங்க."

அக்கா விரலை எடுத்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் சட்ட அவரு அண்ணன் சட்ட மொதலாளி. ரெண்டு பேருக்கும் அப்பவே மூனு வருசமாப் பேச்சு வார்த்த இல்ல. படத்துல நிக்கணும்னு நான் ஆசப்பட்டேன்னு, அண்ணன் வாசல்ல போயி நின்னு கேட்டு வாங்கிட்டு வந்தாரு. ரோசக்கார மனுசன். முடியாதுனு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, சும்மா போயிருப்போமே."

இவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை ஆடவேயில்லை. வெளியே நுவரெலியா பஸ் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா படங்கை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"அண்ணே, அந்தச் சோத்துப் படத்தக் காட்டுங்க" என்றேன்.

"தங்கச்சி..."

"காட்டுங்கண்ணே."

கம்ப்யூட்டரில் அதைத் திறந்தார். அக்கா திரைக்கு மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தார். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்புக்குள்ளேயே அழுகையும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்தா, இப்புடித்தான்! சோத்தக் கண்டா கண்ண மூடிக்குவாரு. சாமி கும்புடுறப்பகூட இப்புடி மூட மாட்டாரு." திரையைத் தொட்டார். இலையின் ஓரத்தில், படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. "இது என் கை. எனக்கு அன்னைக்குப் பல்லு வலி. என் அப்பளத்தத் தூக்கி அவரு எலையில வச்சேன்."

இவர் அந்தக் கையைப் பெரிதாக்கிக் காட்டினார். மூன்று நாள் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டியவர் அதைக் கவனிக்கவேயில்லை. கோட்டு போடும் அவசரம்.

"அம்மா, இதையே பெரிசாப் போட்டுத் தர்றேன். ஒன்னையும் தொட மாட்டேன். அந்தக் கோட்டுப் படத்த அழிச்சிர்றேன்" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அத எதுக்கு அழிக்கிறீங்க? ரெண்டையும் குடுங்க. திவசத்துக்குச் சனம் வருமில்ல, அவங்க பாக்கக் கோட்டு இருக்கட்டும். நான் பாக்க இது போதும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "கோட்டுக்காரருக்கு அந்தக் கடுக்கன மட்டும் போட்டு விடுங்க. இல்லாட்டி யாரு வீட்டுத் திவசம்னு கேப்பாங்க."

திவசத்துக்கு என்னையும் அவரையும் அக்கா அழைத்திருந்தார். லயத்து வீட்டுக் காம்பராவின் முன்சுவரில் கடுக்கன் போட்ட பேங்க் ஐயா மாலையோடு இருந்தார். வந்தவர்களெல்லாம் "அப்புடியே இருக்காரு" என்றார்கள். பேச்சு வார்த்தை இல்லாத அண்ணனும் வந்திருந்தார். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "என் சட்டையில இன்னும் நல்லாருப்பான்" என்று மட்டும் சொன்னார். இன்னொரு படம் உள்ளே, அரிசிப் பெட்டிக்கு மேலே சாத்தி வைத்திருந்தது. என்னை மட்டும் கூட்டிக்கொண்டுபோய் அக்கா அதைக் காட்டினார்.

நாங்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போது மாரியாயி அக்கா பாயாச வாளியோடு வந்தார். இவருக்கு முன்னால் வாளியை இறக்கி வைத்தார்.

"மொதலாளி, என்னைய ஒன்னு எடுங்க."

இவர் எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்றே ஒன்றுதான் எடுத்தார். அக்கா கையை நீட்டி கெமராவை வாங்கினார். திருப்பினார். திரையில் தான் இருப்பதை நன்றாகப் பார்த்து, எனக்கும் காட்டி, புருஷனின் அண்ணனுக்கும் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் இவருக்குப் பாயாசம் ஊற்றினார்.